நாக்கு ஈரம், அதை ஏன் சொல்லலை டீச்சர்?

"இவ்வாறு இவை இரண்டுக்கும் பல ஒற்றுமைகளும் பல வேற்றுமைகளும் உள்ளன."

இந்த வரியை எத்தனை தடவை திருத்தியிருப்பேன் என்று கணக்கு இல்லை. ஒரே ஒரு முறை உட்கார்ந்து எண்ணினேன். ஒன்பதாம் வகுப்பு, 38 நோட்டுகள், தலைப்பு 'வௌவாலும் பறவையும்'. 31 நோட்டுகளில் கட்டுரை இந்த வரியில்தான் முடிந்திருந்தது. மீதி ஏழில் மூன்று பேர் கட்டுரையை முடிக்கவே இல்லை. அந்த மூன்று பேர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

வரியில் பிழை ஒன்றும் கிடையாது. அதுதான் தொந்தரவே. உலகத்தில் எந்த இரண்டு பொருளை எடுத்துக்கொண்டாலும் பொருந்திவிடும். 'செருப்பும் சந்திரனும்' என்று தலைப்புக் கொடுத்தாலும் கடைசியில் இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம்.

அந்த வரிக்கு மேலே இருந்தது இப்படி: "வௌவால் பறக்கும். பறவையும் பறக்கும். வௌவாலுக்கு ரோமம் உண்டு. பறவைக்கு இறகு உண்டு. வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும். பறவை முட்டையிடும். வௌவால் இரவில் வெளியே வரும். பறவை பகலில் வரும்." கடைசி வாக்கியத்தைப் படித்தால் ஆந்தை கோபித்துக்கொள்ளும், மற்றபடி எல்லாம் சரி. ஆனால் படிக்கிறவர் தலை டேபிள் டென்னிஸ் பார்ப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும், புள்ளி மட்டும் யாருக்கும் விழாது.

பத்துக்கு ஆறு போட்டு 'நன்று' என்று எழுதினேன். நாலைந்து நோட்டுக்குமேல் 'நன்று' எழுதவே கூச்சமாக இருந்தது. ஏனென்றால் முந்தின வாரம் கரும்பலகையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு வட்டங்களை வரைந்தது நான்தான். நடுவில் ஒற்றுமை, ஓரங்களில் வேற்றுமை. அதன் கீழே 'முன்னுரை, ஒற்றுமைக்கு ஒரு பத்தி, வேற்றுமைக்கு ஒரு பத்தி, முடிவுரை' என்று எழுதிப் போட்டதும் நான்தான். பிள்ளைகள் வட்டத்தை நிரப்பினார்கள், பிறகு வட்டத்தை வாக்கியமாக்கினார்கள். சொன்னதைச் செய்தவர்களை என்ன சொல்வது?

இந்த இரண்டு வட்டப் படத்துக்கு வென் படம் என்று பெயர். அதன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஜான் வென் 1880இல் அதை முன்வைத்தது தர்க்கத்துக்காக. 'எல்லா அ-வும் ஆ', 'சில ஆ இ அல்ல' போன்ற கூற்றுகளைச் சேர்த்தால் என்ன முடிவு வரும் என்று கண்ணால் பார்க்க ஒரு வழி. கட்டுரை எழுதுவதற்கென்று அவர் அதை வரையவில்லை. அந்தப் படத்தில் எந்தப் புள்ளிக்கும் எடை கிடையாது. 'குட்டி போடும்' என்பதும் 'கறுப்பாக இருக்கும்' என்பதும் ஒரே வட்டத்துக்குள் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும். எது முக்கியம், எதை முதலில் சொல்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று வட்டத்திடம் கேட்டால் பதில் வராது. கட்டுரையோ இந்த மூன்று கேள்விகளால்தான் ஆகிறது.

எனக்கு வழி கிடைத்தது கட்டுரை வகுப்பில்கூட இல்லை. அணியிலக்கண வகுப்பில். வேற்றுமை அணி நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு பொருள்களுக்கு உள்ள ஒப்புமையை முதலில் காட்டிவிட்டு, அப்புறம் ஏதோ ஒரு வகையில் அவற்றை வேறுபடுத்துவது வேற்றுமை அணி. எடுத்துக்காட்டு, எல்லாருக்கும் தெரிந்த 129ஆவது குறள்:

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு.

வருஷா வருஷம் நடத்துவதுதான். இலக்கணத்தைச் சொல்லி, குறளைச் சொல்லி, இரண்டையும் பொருத்திக் காட்டிவிட்டு அடுத்த அணிக்குப் போய்விடுவேன். அன்றைக்குப் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "தீ சூடு, நாக்கு ஈரம். அதை ஏன் சொல்லலை டீச்சர்? அதுதானே பெரிய வேற்றுமை?"

வகுப்பே சிரித்தது. அவன் கிண்டலுக்குத்தான் கேட்டான் என்று இன்றும் நினைக்கிறேன். நான் சாக்பீஸும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். 'வௌவாலும் பறவையும்' கட்டுரைகள் 38ம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன. 'தீயும் நாக்கும்' என்று தலைப்புக் கொடுத்திருந்தால் இவன் என்ன எழுதியிருப்பான்? தீ சிவப்பு, நாக்கும் சிவப்பு. தீ சூடு, நாக்கு ஈரம். தீக்கு எலும்பில்லை, நாக்குக்கும் எலும்பில்லை. பக்கம் நிறைந்திருக்கும். நானும் ஆறு போட்டிருப்பேன்.

மீதி நேரம் முழுக்க அந்த ஏழு சீரிலேயே போனது. தீயையும் நாக்கையும் ஒரே தட்டில் உட்கார வைக்கிற சொல் எது? 'சுட்ட'. இரண்டு அடியிலும் வருகிறது. இரண்டும் சுடும், அவ்வளவுதான் ஒப்புமை. அதற்கென்று தனிப் பத்தி ஒதுக்கவில்லை. பிரிக்கிற சொல் எது? 'ஆறும்', 'ஆறாதே'. இரண்டும் சேர்ந்து எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன? எந்தக் காயம் நீடிக்கும் என்ற கேள்விக்கு. ஈரம் அந்தக் கேள்விக்கு ஒரு வேலையும் செய்யாது, அதனால் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "தீக்குப் புண்ணுன்னு சொல்லிட்டு நாக்குக்கு மட்டும் வடுன்னு மாத்திட்டாரே டீச்சர்" என்றாள். பரிமேலழகர் உரையில் உள்ள குறிப்பு அது. ஆறிப்போவதால் புண், ஆறாமல் கிடப்பதால் வடு. அவள் உரையைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை. ஒரு சொல்லை மாற்றி வைத்ததிலேயே முடிவுரை முடிந்துவிட்டது என்பதை நானே அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

அன்றிலிருந்து ஒப்பீட்டுக் கட்டுரை என்றால் என் வகுப்பில் முதலில் கேள்வி வர வேண்டும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதற்கு விடை கிடைக்கும்? அது கிடைக்கிற வரை யாரும் நோட்டைத் திறக்கக் கூடாது. புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. உவமை எதன் அடிப்படையில் பிறக்கும் என்பதற்குத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என்று நான்கைச் சொல்கிறது. செயலிலா, பயனிலா, வடிவத்திலா, நிறத்திலா, எதில் ஒப்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறது. அதையும் வருஷா வருஷம் நடத்திக்கொண்டு, கட்டுரை வகுப்பில் மட்டும் நான் கேட்காமல் விட்டிருந்தேன்.

வகுப்பில் இதற்கு நான் திரும்பத் திரும்ப எடுப்பது தென் துருவப் பயணம். தகவல் ஏராளம், தகவலில் மூழ்கிப்போகவும் வாய்ப்பு ஏராளம். நார்வேக்காரர் ரோல்ட் ஆமுண்ட்சன், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்காட். ஒரே பருவத்தில் ஒரே துருவத்தை நோக்கி வேறு வேறு வழிகளில் கிளம்பினார்கள். ஆமுண்ட்சன் 1911 டிசம்பர் 14 அன்று போய்ச் சேர்ந்தார். ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று சேர்ந்தபோது நார்வேக் கொடி அவருக்காகக் காத்திருந்தது. இரண்டு பக்கமும் துருவத்தைத் தொட்டவர்கள் ஐந்து ஐந்து பேர். ஆமுண்ட்சனின் ஐவரும் திரும்பினார்கள். ஸ்காட்டின் ஐவரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

குறிப்பைக் கொடுத்துவிட்டுப் பட்டியல் போடச் சொல்வேன். கரும்பலகை நிறைந்துவிடும். நாடு, வயது, கப்பலின் பெயர், கிளம்பிய தேதி, நாய், மட்டக்குதிரை, மோட்டார் சறுக்குவண்டி, உடை, உணவுக் கிடங்கு, எரிபொருள், ஆள் எண்ணிக்கை, மீசை. (மீசையை யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்கள்.) எதையும் தடுக்க மாட்டேன், எல்லாவற்றையும் எழுதிப் போடுவேன்.

பிறகு கேள்வி தேடுவோம். "யார் முதலில் போனார்கள்?" தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும், கட்டுரை எதற்கு? "யார் பெரிய வீரர்?" மேடையில் கத்துவதற்கு நன்றாக இருக்கும், எழுத உட்கார்ந்தால் கைதட்டல் மட்டும்தான் மிஞ்சும். இப்படி நாலைந்து விழுந்தபின் எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள்: "ஒரு குழு திரும்பி வந்தது, இன்னொன்று ஏன் வரலை?"

அதைக் கரும்பலகையின் உச்சியில் எழுதிவிட்டு, டஸ்டரை ஒரு பிள்ளை கையில் கொடுப்பேன். இந்தக் கேள்விக்கு உதவாததை எல்லாம் அழி. கப்பல் பெயர் போச்சு. வயது போச்சு. மீசை போச்சு. நாட்டின் மேல் டஸ்டர் போகும்போது ஒரு குரல் வரும்: "அதை அழிக்காதே, நார்வேல சின்ன வயசிலேயே ஸ்கீ பழகிடுவாங்க." அப்படியா, சரி, 'நாடு' என்பதை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'பனிச்சறுக்குப் பழக்கம்' என்று எழுது என்பேன். முழு வகுப்பிலும் எனக்குப் பிடித்த நிமிஷம் இதுதான். பிறந்த நாடு வெறும் தகவல். பழக்கம் ஒரு காரணம். அந்த மாற்றம் நடக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் உடைக்கும் அதே கதி. 'ஆட்டுரோமம், மென்மயிர்த்தோல்' என்று எழுதியிருந்தது 'யாரிடமிருந்து கற்றார்கள்' என்று மாறும். ஆமுண்ட்சன் 1903இல் தொடங்கிய வடமேற்குக் கடல்வழிப் பயணத்தின்போது இன்யூட் மக்களோடு பழகி, தோலுடையையும் நாய் வண்டியையும் அவர்களிடம்தான் கற்றார்.

அழித்து முடித்தால் மூன்று, மிஞ்சிப் போனால் நான்கு கூறுகள் நிற்கும். வண்டியை எது இழுத்தது, கிடங்கு எப்படி இருந்தது, உடை, ஐந்து பேருக்கு எவ்வளவு உணவு. ஆறு நின்றால் இரண்டைச் சேர்க்கச் சொல்வேன். ஒரு பையன் ஒரு முறை பதினொன்று வைத்துக்கொண்டு எதையும் விட மறுத்தான், எல்லாமே முக்கியம் என்றான். அவன் கட்டுரை ஐந்து பக்கம் வந்தது. எல்லாம் முக்கியம் என்று ஏன் சொல்லக் கூடாது என்பதை விளக்க நான் இன்னும் நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த ஐந்து பக்கத்தைப் படித்துப் பார் என்பதற்குமேல் எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் அமைப்பு. பெரும்பாலான கையேடுகள் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

வழி இரண்டுதான். முதல் ஆளைப் பற்றி முழுவதும் சொல்லி முடித்துவிட்டு இரண்டாம் ஆளுக்குப் போவது ஒன்று. ஒரு கூறை எடுத்து இருவரையும் அதில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கூறுக்குப் போவது இன்னொன்று. முதல் வழிக்கு நாங்கள் வைத்த பெயர் பெட்டி. இரண்டாவதைச் சொல்லும்போது ஒரு பெண் தன் ஜடையைத் தூக்கிக் காட்டி, "இப்படித்தானே டீச்சர்?" என்றாள். அன்று முதல் அது பின்னல்.

பெட்டி எளிது, அதனாலேயே ஆபத்து. முதல் வரைவில் எப்போதும் ஒரு பக்கம் ஆமுண்ட்சனின் வாழ்க்கைக் குறிப்பு, ஒரு பக்கம் ஸ்காட்டின் வாழ்க்கைக் குறிப்பு, நடுவில் 'அடுத்து ஸ்காட்டைப் பற்றிப் பார்ப்போம்' என்று ஒரு பாலம். ஒப்பிடுகிற வேலையைப் படிக்கிறவர் தலையில் கட்டிவிட்டு எழுதியவர் கிளம்பிவிடுகிறார். ஒரு முறை அப்படிப்பட்ட தாள் ஒன்றை வகுப்பில் குறுக்கே கிழித்துக் காட்டினேன் (நகல்தான், பதற வேண்டாம்). மேல் பாதியை ஒருவரும் கீழ்ப் பாதியை ஒருவரும் படித்தார்கள். இரண்டும் தனித்தனியே ஒரு குறையும் இல்லாமல் படிக்க வந்தன. எழுதிய பிள்ளையே, "ரெண்டு கட்டுரை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டது.

பெட்டி போட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு என் நிபந்தனை ஒன்றுதான். முதல் பெட்டியில் எந்த வரிசையில் கூறுகள் வந்தனவோ, இரண்டாவதிலும் அதே வரிசை. ஒவ்வொரு கூறிலும் ஒரு முறையாவது பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும்: 'ஆமுண்ட்சன் நாய்களை நம்பிய இடத்தில்...' என்று. ஒரு பொருள் வாசகருக்கு நன்றாகத் தெரிந்தது, அதை அளவுகோலாக வைத்து இன்னொன்றைப் பார்க்கப்போகிறோம் என்றால் பெட்டி பொருத்தமாகவே இருக்கும்.

பின்னலிலும் பிள்ளைகள் முதலில் வழுக்குவார்கள். வௌவால் கட்டுரையின் டேபிள் டென்னிஸ் இங்கேயும் வரும்: "ஆமுண்ட்சன் கிடங்குகள் அமைத்தார். ஸ்காட்டும் கிடங்குகள் அமைத்தார். ஆமுண்ட்சன் கொடி நட்டார். ஸ்காட்டும் கொடி நட்டார்." இப்படி எழுதிய பையனே மூன்றாவது தடவை எழுதிக் கொண்டுவந்ததைக் கீழே தருகிறேன், எழுத்துப் பிழை மட்டும் நான் திருத்தியது:

"இருவரும் வழியில் கிடங்கு அமைத்துவிட்டுத்தான் துருவத்துக்குக் கிளம்பினார்கள். ஆமுண்ட்சன் தன் கிடங்குக்கு இரு பக்கமும், போகும் பாதைக்குக் குறுக்காக, பல கிலோமீட்டர் தூரம் வரிசையாகக் கொடி நட்டார். பனிமூட்டத்தில் வழி தவறினாலும் ஏதாவது ஒரு கொடி கண்ணில் படும். ஸ்காட்டோ தன் பெரிய கிடங்கை 80 பாகை தெற்கில் வைக்க நினைத்தார். குதிரைகள் தளர்ந்துபோனதால் அதற்கு 50 கிலோமீட்டருக்குமேல் வடக்கே, முன்னாலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். ஓர் ஆண்டு கழித்து, துருவத்திலிருந்து திரும்பும் வழியில், அவருடைய கடைசிக் கூடாரம் அந்தக் கிடங்குக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே நின்றது."

இதில் 'ஒற்றுமை' என்ற சொல் இல்லை, 'வேற்றுமை' என்ற சொல் இல்லை. முதல் வாக்கியத்தில் 'இருவரும்' என்று சேர்த்துக் கட்டிவிட்டு, 'ஸ்காட்டோ' என்ற இடத்தில் அவிழ்க்கிறான். 50ஐயும் 20ஐயும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறான். கழித்துப் பார்ப்பது நம் வேலை. நினைத்த இடத்தில் கிடங்கு இருந்திருந்தால், அதைத் தாண்டி வந்த பிறகல்லவா அந்தக் கூடாரம்? இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அடுத்த நோட்டை எடுக்கவில்லை.

'ஸ்காட்டோ' என்று எழுத அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இணைப்புச் சொற்கள் என்று ஒரு பட்டியல் கொடுப்பது வழக்கம்: மாறாக, ஆனால், அதேசமயம், மறுபுறம், அதுபோலவே. கொடுத்தால் ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒன்றைத் தொப்பி மாதிரி மாட்டிவிடுவார்கள். 'மறுபுறம்' என்று வந்தால் எனக்கு உடனே 'முதல் புறம் எங்கே?' என்று கேட்கத் தோன்றும். தமிழில் இந்த வேலையைப் பாதி நேரம் இரண்டு சின்ன இடைச்சொற்களே பார்த்துக்கொள்ளும். சேர்க்க ஓர் 'உம்', பிரிக்க ஓர் 'ஓ'. நாய்களும் களைத்தன, குதிரைகளும் களைத்தன. நாய் களைத்தால் மற்ற நாய்களுக்கு உணவாகும் என்று ஆமுண்ட்சன் முன்பே கணக்குப் போட்டிருந்தார். 52 நாய்களோடு கிளம்பி 11ஓடு திரும்பினார். ஸ்காட்டின் குதிரைகளோ பனியாற்றின் அடிவாரத்தோடு முடிந்தன, அதற்குமேல் மனிதர்களே வண்டியை இழுத்தார்கள். (இந்த நாய்க் கணக்கைச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேர் ஆமுண்ட்சனுக்கு எதிராகத் திரும்பிவிடுவார்கள். அந்த ஐந்து நிமிஷம் கட்டுரை நகராது.)

வரிசை பற்றி அடிக்கடி கேட்பார்கள். ஒற்றுமை முதலிலா, வேற்றுமை முதலிலா? பொதுவிதி என்று ஒன்று என்னிடம் இல்லை. படிப்பவர் ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று பார்த்து, அதை முதலில் சீக்கிரம் சொல்லிவிடு என்பேன். பூமியையும் வெள்ளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டில் பூமியின் விட்டம் 12,756 கிலோமீட்டர், வெள்ளியுடையது 12,104. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். அதை முதலில் நன்றாக நம்பவைத்துவிட்டால், வெள்ளியின் தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ் வெப்பம், அங்கே ஈயம் உருகி ஓடும் என்ற வரி தூக்கிப்போடும். வௌவாலும் டால்ஃபினும் என்றால் கதை தலைகீழ். ஒன்று பறக்கிறது, ஒன்று நீந்துகிறது என்று சொல்லி யாரையும் அசத்த முடியாது. அதை ஒரு வரியில் கடந்துவிட்டு, இரண்டுமே ஒலியை அனுப்பி அது மோதித் திரும்புவதைக் கேட்டு இரையைக் கண்டுபிடிக்கின்றன என்பதில் போய் நிதானமாக உட்கார வேண்டும். அந்தப் பழைய வௌவால் கட்டுரைக்கு நான் பறவைக்குப் பதில் டால்ஃபினைக் கொடுத்திருந்தாலே பாதித் தொல்லை தீர்ந்திருக்கும்.

நேர்மை என்று இன்னொன்று உண்டு. 'ஒரே குளிரில் ஒருவர் பிழைத்தார், ஒருவர் பிழைக்கவில்லை' என்று ஒரு பிள்ளை எழுதியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆமுண்ட்சன் ஜனவரி 25 அன்றே முகாமுக்குத் திரும்பிவிட்டார். ஸ்காட்டின் கடைசி நாட்குறிப்பு மார்ச் 29. அந்த இரண்டு மாதத்தில் தென் துருவப் பக்கம் கோடை போய்க் குளிர்காலம் நெருங்கிவிடும். ஒரே குளிர் எங்கே இருந்தது? இருவரையும் வைத்து அளக்கிற கோல் இருவருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கூறிலும் பார்க்கச் சொல்கிறேன். இதற்கு நேரம் பிடிக்கும், தேர்வில் முடியாது. 40 நிமிஷத் தேர்வில் முதல் எட்டு நிமிஷத்தைக் கேள்விக்கும் அழிப்பதற்கும் கொடுத்தால் எனக்குப் போதும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்கிறேன். கேள்வியை அதில் வைத்துவிட்டால் முன்னுரை முடிந்தது. முடிவுரையில் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும், 'இவ்வாறு' இருக்கக் கூடாது. 'இவ்வாறு' வந்தால் அரை மதிப்பெண் கழிப்பேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன். இதுவரை கழித்ததில்லை.

போன வருஷம் ஒரு பெண் இந்தத் தென் துருவக் கட்டுரையில் கரும்பலகைக் கேள்வியை எடுக்க மறுத்துவிட்டாள். 'ஏன் திரும்பவில்லை' என்று கேட்டாலே ஸ்காட் தோற்றவர் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம், அது நியாயமில்லை என்றாள். ஸ்காட் துருவத்துக்கு மட்டும் போகவில்லை, அறிவியல் ஆய்வுக்கும் போனார். அவர் குழுவில் மூன்று பேர் இருட்டுக் குளிர்காலத்தில் பென்குயின் முட்டை எடுக்கவே தனியாக ஒரு பயணம் போய் வந்தார்கள். இறந்தவர்களின் கூடாரத்தோடு சுமார் 16 கிலோ பாறைகள் கிடைத்தன. அவற்றில் குளோசோப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் புதைபடிவங்களும் இருந்தன, பனிக்கட்டியாகக் கிடக்கும் அந்தக் கண்டத்தில் ஒரு காலத்தில் மரம் வளர்ந்ததற்குச் சாட்சியாக. அவள் வைத்த கேள்வி: "இருவரும் எதைக் கொண்டுவரப் போனார்கள்?"

கேள்வி மாறியதும் டஸ்டரால் அழித்ததில் பாதி திரும்பக் கரும்பலகைக்கு வந்துவிட்டது. போன தடவை பாறையின் எடை 'ஸ்காட் செய்த தவறுகள்' பக்கம் இருந்தது. இந்தத் தடவை அதுவே அவள் கட்டுரையின் நடுப் பத்தி. ஆமுண்ட்சன் முதலில் வட துருவத்துக்குப் போகத்தான் ஏற்பாடு செய்தார், 1909இல் அதை வேறு இருவர் ஆளுக்கொரு பக்கம் அடைந்துவிட்டதாகச் சொன்னதும் தெற்கே திரும்பினார் என்பதையும் கொண்டுவந்து வைத்திருந்தாள். அதே இரண்டு மனிதர்கள், அதே தேதிகள், வேறு கட்டுரை.

ஆனால் ஆமுண்ட்சனுக்கு மொத்தம் ஆறு வரிதான். ஓரத்தில் 'பின்னலில் ஒரு கால் மெலிந்துவிட்டது' என்று எழுதி எட்டு போட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

"அவர் முதல்ல போய்ச் சேரணும்னு போனார் டீச்சர், போய்ச் சேர்ந்துட்டார். அதுக்குமேல நான் என்ன எழுத?"

"அதையே எழுதேன், எனக்கு ஏன் சொல்றே?"

அங்கேயே நின்று, என் சிவப்புப் பேனாவையே வாங்கி, கடைசிப் பத்திக்கு மேல் இரண்டு வரி சேர்த்தாள். எட்டரை ஆக்கினேன். ஒன்பது கேட்டாள்.